ஜிஹாத் கார்டு கேம் டிராகுலா நாவல்ல இருந்து வந்துச்சாமே, யாருங்க இத கெளப்பி விட்டது?

ரத்தபீஜன்:
பக்கத்து குரூப்ல ஒரு மகான் நேத்து திருவாய் மலர்ந்திருக்கார். 1994ல வந்த ஜிஹாத்ல இருந்து 1996ல வந்த மித்தோஸ் வரைக்கும், அந்த காலத்து பேய் கார்டு கேம் அத்தனையும் பிராம் ஸ்டோக்கரோட டிராகுலா நாவல் போட்ட பிச்சையாம். ஆளாளுக்கு ஹார்ட்டு வேற விட்டிருக்கானுங்க. கேக்கறவன் கேனயன்னா கேப்பைல நெய் வடியுதும்பாங்களே, அதான்.

நாவல படிச்சீங்களா இல்ல அட்டைய மட்டும் பாத்தீங்களா? ஜிஹாத் நடக்கற உலகத்துல வாம்பயர், அதாவது ரத்தம் குடிக்கற பேய், அது மேல வெயில் பட்டா ஆள் காலி. எல்லாமே ராத்திரி பொழப்பு. நாவல்ல என்ன நடக்குது? டிராகுலா பட்டப்பகல்ல லண்டன் பிக்காடில்லி தெருவுல நிக்கறான். நகைக்கடை வாசல்ல வண்டிக்குள்ள உக்காந்திருக்கற ஒரு பொண்ண வெச்ச கண்ணு வாங்காம பாத்துட்டு நிக்கறான், கருப்பு மீசை, கூரான தாடி வேற, அவன ஏற்கெனவே தெரிஞ்ச ஜோனதன் ஹார்க்கர் அத பாத்துட்டு வெலவெலத்து போய் பொண்டாட்டி கைய புடிச்சுக்கறான். அங்க பொசுங்கினானா? ஒரு முடி கூட கருகல.

வெயில்ல சாகற சமாச்சாரம் 1922ல முர்னோ எடுத்த நோஸ்ஃபெராட்டு படத்துல வந்தது. கோழி கூவும், வெளிச்சம் வரும், அதுல வர்ற வாம்பயர் கவுண்ட் ஓர்லாக் புகையா போயிடுவான். ஆக கேமுக்கு அப்பன் அந்த படம். நாவல் கெடயாது. மேட்டர் ஓவர்.

பழைய_பேக்_பாபு:
அந்த மகான் நான்தான். பேர சொல்லியே திட்டலாம், நான் ஒண்ணும் ஓடி ஒளியற ஆள் இல்ல.

நாவல்ல டிராகுலாவ வேட்டையாடற வான் ஹெல்சிங் புட்டு புட்டு வெக்கறாரு, பொழுது விடிஞ்சா அவனோட சக்தி அடங்கிடும்னு. உருவம் மாறணும்னா கூட உச்சி வேளை, இல்லன்னா சூரியன் உதிக்கற நேரம், அடையற நேரம், அவ்ளோதான். பகல் அவனுக்கு ஆகாதுன்னு விதை போட்டது 1897ல ஸ்டோக்கர். அப்புறம் நீங்க தூக்கி வெச்சு கொண்டாடற அந்த முர்னோ படம் என்ன வானத்துல இருந்து குதிச்சுதா? நாவல பேர் மாத்தி சுட்ட படம் சார் அது. ஸ்டோக்கரோட சம்சாரம் ஃப்ளோரன்ஸ் கேஸ் போட்டு, 1925ல பிரிண்ட்ட எல்லாம் அழிக்க சொல்லி கோர்ட்டே உத்தரவு போட்டுச்சு. படத்துக்கு அப்பன் நாவல்னா கேமுக்கு தாத்தா யாரு? கணக்கு வருமா?

ரத்தபீஜன்:
வெயில்ல செத்தானா இல்லையா?

பழைய_பேக்_பாபு:
சக்தி அடங்கிடும்னுதான் சொல்றேனே.

ரத்தபீஜன்:
அடங்கறது வேற, சாகறது வேற. பிக்காடில்லில நின்னப்ப செத்தானா இல்லையா? ஆமாவா இல்லையா, ஒரு வார்த்தைல சொல்லுங்க பாபு சார்.

புதுசா_வந்தவன்:
அண்ணன்களா ஒரு சின்ன டவுட்டு. இன்ஸ்பிரேஷன்னு எத சொல்றீங்க? கதையா, கார்டுல இருக்கற படமா, இல்ல ரூல்ஸா? அத முதல்ல பேசிட்டா ஈஸியா இருக்கும்னு தோணுது.

ரத்தபீஜன்:
பாபு சார் இன்னும் பதில் சொல்லல, எல்லாரும் கவனிச்சுக்கங்க.

தேவி_வென்ட்ரூ:
ரெண்டு பேரும் சேர்ந்து நடுவுல இருக்கற 1991ஐ முழுங்கிட்டீங்க. ஜிஹாத் நேரா நாவல்ல இருந்தும் வரல, படத்துல இருந்தும் வரல. மார்க் ரைன்-ஹேகன் 1991ல ஒயிட் உல்ஃப் கம்பெனில போட்ட வாம்பயர்: தி மாஸ்கரேட்ங்கற ரோல்பிளேயிங் கேம்தான் (ஆளுக்கொரு பாத்திரமா கதைய ஆடறது) அதுக்கு மூலம். அத எடுத்து விசார்ட்ஸ் ஆஃப் தி கோஸ்ட் கம்பெனிக்காக கார்டு கேமா பண்ணது ரிச்சர்ட் கார்ஃபீல்ட், முந்தின வருஷம்தான் மேஜிக்ங்கற கார்டு கேம் போட்டிருந்தாரு. அந்த ரோல்பிளேயிங் கேம்ல முதல் வாம்பயர் யாருன்னு பாருங்க. டிராகுலாவும் இல்ல ஓர்லாக்கும் இல்ல. காயீன். பைபிள்ல ஆதியாகமம் 4ஆம் அதிகாரத்துல தம்பி ஆபேல கொன்னானே, அதே காயீன். கடவுள் கொடுத்த சாபத்துலதான் வாம்பயர் பரம்பரையே ஆரம்பிக்குது. அவன் வழில வந்த மூணாம் தலைமுறை கெழடுங்க ஆயிரக்கணக்கான வருஷமா ஒருத்தர ஒருத்தர் மறைஞ்சு நின்னு அடிச்சுக்கறாங்க, அந்த சண்டைக்குதான் ஜிஹாத்னு பேரு, கேமுக்கும் அதே பேர வெச்சாங்க, அடுத்த வருஷமே வாம்பயர்: தி எட்டர்னல் ஸ்ட்ரகிள்னு மாத்தினாங்க.

வாம்பயர்னா அழுதுட்டு, அழகா இருந்துட்டு, தனக்குள்ளயே பாலிடிக்ஸ் பண்ணிட்டு திரியற ஜென்மம்ங்கறது ஆன் ரைஸ் 1976ல எழுதின இன்டர்வியூ வித் தி வாம்பயர் போட்ட ரோடு. டொரெடோர் குலத்த எடுத்துக்கங்க, ஓவியம் சங்கீதம்னு உருகறவங்க, அது அப்படியே ரைஸ் வீட்டு வாசம். ஸ்டோக்கரோட ஆள் எங்கயாவது ஓவியத்த பாத்து உருகினானா?

ரத்தபீஜன்:
மேடம் டாம் க்ரூஸ் படத்த பாத்துட்டு வந்து பேசறீங்க.

தேவி_வென்ட்ரூ:
அந்த புக்க வெச்சு எடுத்த டாம் க்ரூஸ் படம் வந்தது 1994 நவம்பர். ஜிஹாத் கடைக்கு வந்தது 1994 ஆகஸ்ட். நான் சொன்னது 1976ல வந்த புக்கு. மேல எழுதிருக்கேன், கண்ணாடி போட்டுட்டு படிங்க.

ரத்தபீஜன்:
புக்கோ படமோ, ரைஸ் வாம்பயரும் வெயில்ல எரியும். அந்த எரியற ஐடியா எங்க இருந்து வந்துச்சு? 1922. சுத்தி சுத்தி அங்கதான் வரீங்க. இன்னொண்ணும் சொல்றேன், ஜிஹாத்ல மொத்தம் ஏழு குலம், ப்ரூஹா, கேங்ரல், மால்கேவியன், நோஸ்ஃபெராட்டு, டொரெடோர், ட்ரெமியர், வென்ட்ரூ. அதுல ஒரு குலத்துக்கு படத்தோட பேரே வெச்சிருக்கான். அந்த குலத்து கார்ட எடுத்து ஓர்லாக்கா நடிச்ச மேக்ஸ் ஷ்ரெக் போட்டோ பக்கத்துல வெச்சு பாருங்க. மொட்டை மண்டை, வவ்வா காது, எலி மாதிரி முன்பல்லு, நீள நகம். நாவல்ல டிராகுலாவுக்கு மீசை உண்டு, தல நிறைய முடி உண்டு, உள்ளங்கைல கூட முடி உண்டு. எங்கயாவது மொட்டைன்னு இருக்கா? கண்ணுல வெளக்கெண்ணெய் ஊத்திட்டு தேடுங்க, கெடைக்காது.

பழைய_பேக்_பாபு:
ஏழுல ஒண்ணு. மத்த ஆறு?

ரத்தபீஜன்:
மத்த ஆறும் வெயில்ல சாகும்.

சேலம்_ஸ்லீவ்ஸ்:
ட்ரெமியர் பத்தி யாரும் பேசலயே. அவங்க வாம்பயரா பொறக்கவே இல்ல. 1987ல ரைன்-ஹேகனும் ஜோனதன் ட்வீட்டும் சேர்ந்து போட்ட ஆர்ஸ் மேஜிக்கான்னு ஒரு கேம், அதுல ட்ரெமியர்ங்கறது மந்திரவாதிங்க குழு. அதே பேர இங்க கொண்டுவந்து, சாகாம இருக்கறதுக்காக வாம்பயரா மாறின மந்திரவாதிங்கன்னு கதை கட்டிட்டாரு. அவரு கேம்ல இருந்து அவரே சுட்டுக்கிட்டது. இதுல டிராகுலாவும் இல்ல ஓர்லாக்கும் இல்ல, ரெண்டு பேரும் பொத்திட்டு போலாம்.

அப்புறம் யார்கிட்டயாவது பின்பக்கம் பழைய ஜிஹாத் டிசைன் போட்ட கார்டு இருந்தா சொல்லுங்க, வாங்கிக்கறேன்.

ரத்தபீஜன்:
வந்துட்டார்யா வியாபாரி. தம்பி, நீ வித்த கார்டு ஈரத்துல வளைஞ்சு அப்பளமா வந்துச்சே, அத பத்தி ஒரு வார்த்த பேசல, இங்க ஆர்ஸ் மேஜிக்கா வரலாறு எடுக்கற.

சேலம்_ஸ்லீவ்ஸ்:
அது நான் அனுப்பறப்ப நேராதான் இருந்துச்சு. பேக் பண்றதுக்கு முன்ன எடுத்த போட்டோ இன்னும் போன்ல இருக்கு. மழைக்காலத்துல வாங்கிட்டு என்னைய சொன்னா?

ரத்தபீஜன்:
போட்டோல வெளிச்சமே இல்ல. நோஸ்ஃபெராட்டு மாதிரி இருட்டுல எடுத்திருக்க.

மிஸ்கடானிக்_மணி:
ஐயா முதல் பதிவுல மித்தோஸும் இருக்கு, அத யாரும் சீண்டவே இல்ல. 1996ல கேயாஸியம் கம்பெனி போட்டது. பேய்க்கதை எழுத்தாளர் லவ்கிராஃப்ட்டோட உலகம். டிராகுலாவுக்கும் அதுக்கும் ஸ்நானப்ராப்தி கெடயாது. அதுல நீங்க ஆடற ஆளு ஒரு சாதாரண மனுஷன், ஆர்க்கம் ஊர்ல சுத்துவான், புக்கு படிப்பான், படிக்க படிக்க புத்தி கழண்டுட்டே போகும். உங்க சேனிட்டி, அதாவது புத்தித் தெளிவு, தீந்துச்சுன்னா ஆட்டம் தீந்துச்சு. ரத்தமே வேணாம். பல்லு, கொம்பு, மீசை எதுவும் வேணாம். அதுல அட்வென்சர்னு ஒரு வகை கார்டு உண்டு, இன்ன இன்ன கார்டெல்லாம் ஆட்டத்துல வந்திருக்கணும்னு அதுல பட்டியல் இருக்கும், அத்தனையும் வந்ததுக்கப்புறம் அத எறக்கி அந்த கதைய நாமளே கோத்து சொல்லணும். எதிராளிய அடிச்சு ஜெயிக்கறத விட கதை சொல்லி ஜெயிக்கற கார்டு கேம் அது. அந்த சேனிட்டிங்கற ஐடியா கூட 1981ல சாண்டி பீட்டர்சன் எழுதின கால் ஆஃப் கதுலு ரோல்பிளேயிங் கேம்ல இருந்து வந்தது. அதுக்கும் மூலம் 1928 பிப்ரவரி வியர்ட் டேல்ஸ் பத்திரிகைல வந்த லவ்கிராஃப்ட் கதை. ஸ்டோக்கர் எங்க வந்தார் இதுல?

பழைய_பேக்_பாபு:
மணி அண்ணே, லவ்கிராஃப்ட் பேய் இலக்கியத்த பத்தி 1927ல ஒரு நீள கட்டுரை எழுதினாரே, அதுல டிராகுலாவ பாராட்டிருக்காரா இல்லையா? ஷன்ட் ஹவுஸ்னு அவரு எழுதின ஒரு கதை, அந்த வீட்டு நிலவறைக்கு அடில கெடந்து குடியிருக்கறவங்க உசுர உறிஞ்சற சமாச்சாரம் எது? உங்க ஆளே படிச்சிருக்காரு, ரசிச்சிருக்காரு, நீங்க சம்பந்தமே இல்லைங்கறீங்க.

மிஸ்கடானிக்_மணி:
பாராட்டினா அதுல இருந்து வந்ததா ஆயிடுமா? அவரு அந்த கட்டுரைல மேக்கன பாராட்டிருக்காரு, ப்ளாக்வுட்ட பாராட்டிருக்காரு, எட்கர் ஆலன் போவ தலைல தூக்கி வெச்சு ஆடிருக்காரு. லவ்கிராஃப்ட் கதைல வர்ற ஹாஸ்டர்ங்கற பேர் ஆம்ப்ரோஸ் பியர்ஸ் கிட்ட இருந்து சேம்பர்ஸுக்கு போய், 1895ல தி கிங் இன் யெல்லோ வழியா லவ்கிராஃப்ட் கைக்கு வந்தது. அதாவது உங்க நாவல் வர்றதுக்கு ரெண்டு வருஷம் முன்னாடியே அச்சுல இருந்த பேரு. காலண்டர் பாக்க தெரியுமா?

பழைய_பேக்_பாபு:
ஷன்ட் ஹவுஸுக்கு பதில் வரல.

மிஸ்கடானிக்_மணி:
அந்த கதைல ஆசிட் ஊத்தி அழிப்பாங்க. வெயில் இல்ல, ஆப்பும் இல்ல. போதுமா?

ரத்தபீஜன்:
மணி, நடுவுல வெயில இழுக்காதீங்க, அது என் பாயின்ட்டு.

ஓநாய்_ரவி:
எல்லா வருஷமும் இதே கூத்து. வாம்பயர்காரனுங்களே பேசிட்டு இருப்பீங்க. 1995ல ஒயிட் உல்ஃப் போட்ட ரேஜ் கார்டு கேம் ஒண்ணு இருக்குன்னு யாருக்காவது ஞாபகம் இருக்கா? ஓநாய் மனுஷங்க. அதுல வெள்ளிதான் விஷம். அந்த வெள்ளிய ஊருக்கே தெரிய வெச்சது கர்ட் சியோட்மாக் எழுதின 1941 தி உல்ஃப் மேன் படம். அதுல துப்பாக்கி குண்டு கூட இல்ல, வெள்ளிப்பூண் போட்ட கைத்தடியால அடிச்சே கொல்லுவாங்க, அதுவும் சொந்த அப்பனே. பௌர்ணமிக்கு மாறறத அழுத்தமா காட்டினது 1943ல வந்த அடுத்த படத்துலதான். கதைங்கள்ளாம் காலகாலமா இருக்குன்னு சொல்றான் எல்லாரும், ஆனா கார்டுல இருக்கறது முக்காவாசி ஹாலிவுட்காரன் டைப்ரைட்டர்ல தட்டினது. ரத்தபீஜன் சொல்றது ஒருவிதத்துல கரெக்ட்டு, நாவல விட படம்தான்.

ரத்தபீஜன்:
பாத்தீங்களா, ரவி என் பக்கம்.

ஓநாய்_ரவி:
நான் யார் பக்கமும் இல்ல. போன தடவ ரேஜ் த்ரெட்ல வந்து "நாய் கேம்"னு எழுதினது நீங்கதான், மறக்கல.

பழைய_பேக்_பாபு:
சரி, இப்ப வெயிலுக்கே வரேன், ஓடாதீங்க. எட்டர்னல் ஸ்ட்ரகிள்ல டே ஆபரேஷன்னு ஒரு கார்டு இருக்கா இல்லையா? பேரே பகல் வேலை. வாம்பயர் பகல்ல எறங்கி காரியத்த முடிக்கும், மத்த வாம்பயருங்க தூங்கிட்டு இருக்கறதால தடுக்க முடியாம முழிக்கும். வெயில் பட்டா காலின்னு முதல் பதிவுல மொழங்கினீங்களே, உங்க கேம்லயே ஒருத்தன் வெயில்ல போய் வேலைய முடிச்சுட்டு வீட்டுக்கு வரான். பிக்காடில்லில டிராகுலா நடந்த மாதிரியே. இதுக்கு என்ன சொல்றீங்க?

ரத்தபீஜன்:
அப்பாடா, கடைசில கார்டு பேர் ஒண்ணு தெரிஞ்சு வெச்சிருக்கீங்க. அந்த கார்ட போடணும்னா ஃபார்ட்டிட்யூட் வேணும். அதாவது உடம்பு இரும்பா இருக்கற வாம்பயர் மட்டும் பல்ல கடிச்சுக்கிட்டு போகலாம். அது விதிவிலக்கு. விதி இருந்தாதான் விதிவிலக்கு இருக்கும். வெயில் கொல்லாதுன்னா அதுக்கு தனியா ஒரு கார்டு எதுக்கு? டிராகுலாவுக்கு பிக்காடில்லி போக ஃபார்ட்டிட்யூட் தேவப்பட்டுச்சா? அவன் பாட்டுக்கு போனான். மிருகக்காட்சிசாலைக்கு போய் ஓநாய் கூண்டுகிட்ட நின்னு காவல்காரன்கிட்ட சாவகாசமா பேசிட்டும் வந்தான். நீங்க எடுத்து போட்ட கார்டே என் பக்கம் சாட்சி சொல்லுது, ரொம்ப நன்றி.

பழைய_பேக்_பாபு:
பகல்ல போறான்னு ஒத்துக்கிட்டீங்கல்ல, அது போதும்.

ரத்தபீஜன்:
எங்க ஒத்துக்கிட்டேன்? தமிழ்தானே எழுதறேன்?

பழைய_பேக்_பாபு:
"போகலாம்"னு எழுதிருக்கீங்க. ஸ்க்ரீன்ஷாட் எடுத்தாச்சு.

தேவி_வென்ட்ரூ:
இந்த வெயில விட்டு கொஞ்சம் நிழலுக்கு வாங்கப்பா. அந்த கேம உக்காந்து ஆடினவங்க யாராவது இருக்கீங்களா, இல்ல எல்லாரும் பைண்டர்ல சொருகி வெச்சு அழகு பாக்கறவங்கதானா?

ஆடினவங்களுக்கு தெரியும், ஆளுக்கு 30 பூல். அதுதான் உங்க உசுரு, அதுதான் உங்க காசு. ஒரு வாம்பயர வெளிய எடுக்கணும்னா அந்த 30ல இருந்துதான் எடுத்து அது மேல வெக்கணும். பெரிய எட்டு கெபாசிட்டி ஆள் வேணுமா, உங்க உசுருல எட்டு போச்சு. மேஜிக்ல நெலத்துல இருந்து மனா வரும், உசுரு 20 தனியா பத்திரமா ஒக்காந்திருக்கும். இங்க சேனைய எறக்க எறக்க நீங்க மெலிஞ்சுட்டே போவீங்க. அப்புறம் இடது கைப்பக்கம் உக்காந்திருக்கறவர் உங்க இரை, வலது பக்கம் இருக்கறவருக்கு நீங்க இரை. இரைய காலி பண்ணா ஒரு விக்டரி பாயின்ட்டு, கூடவே ஆறு பூல். அதாவது அடுத்தவன குடிச்சாதான் நமக்கு ரத்தம் ஊறும். நடுவுல ஓட்டெடுப்பு வேற, எதிர் பக்கம் இருக்கறவனோட கூட்டணி வேற, அந்த கூட்டணிய அடுத்த சுத்துல கழட்டி விடறது வேற. ஒரு வாம்பயர் அடி வாங்கி டார்ப்பர்ல, அதாவது மயங்கி, கெடந்தா சொந்தக்காரன் மாதிரி பக்கத்துல போய் அவன் கழுத்துலயே வாய வெச்சு முழுசா குடிச்சுடலாம், அதுக்கு டயாப்லரின்னு பேரு. உடனே மத்தவங்கெல்லாம் சேர்ந்து உன்ன வேட்டையாடலாமான்னு ஓட்டு போடுவாங்க.

அந்த கேம்ல பயம் எங்க இருக்குன்னா இங்க இருக்கு, ஆர்ட்ல இல்ல, வெயில்ல இல்ல. கார்ஃபீல்ட் எத பாத்து இத பண்ணாருன்னு பேசினா அர்த்தம் உண்டு. மேஜிக்லயே முதல் செட்ல செங்கிர் வாம்பயர் இருக்கு, 4/4 (அடிக்கற பலம் நாலு, தாங்கற பலம் நாலு), பறக்கும், அது அடிச்ச பிராணி செத்தா அதுக்கு ஒரு +1/+1 கவுன்ட்டர் ஏறும். ரத்தம் குடிச்சு பெருக்கற ஐடியா 1993லயே ஒரே ஒரு கார்டுல இருந்துச்சு, அத ஒரு வருஷத்துல முழு கேமா விரிச்ச மாதிரிதான் எனக்கு தோணுது. ஒருத்தரும் இத பத்தி வாய தெறக்கல.

புதுசா_வந்தவன்:
செம மேடம். இதத்தான் நான் முதல்ல ரூல்ஸான்னு கேட்டேன்.

ரத்தபீஜன்:
கார்டு ரூல்ஸ் எல்லாம் கணக்கு வாத்தியார் வேலை. கார்ஃபீல்ட் கணக்குல டாக்டரேட், அவருக்கு வாம்பயருக்கு பதில் வாத்துன்னு வெச்சாலும் கேம் ஓடும். இன்ஸ்பிரேஷன்னா கதை. கதைன்னா வெயில்.

தேவி_வென்ட்ரூ:
வாத்து வெச்சா டயாப்லரி எப்படி பண்ணுவீங்க? வாத்து கழுத்த கடிச்சா?

ரத்தபீஜன்:
மேடத்துக்கு பதில் சொல்லி நேரத்த வீணாக்க விரும்பல.

தேவி_வென்ட்ரூ:
பதில் இல்லைன்னு சுருக்கமா சொல்லிருக்கலாம்.

பழைய_பேக்_பாபு:
நான் ஒரு பெரிய வெடி வெச்சிருந்தேன், இப்ப போடறேன். 1996ல வந்த தி சப்பாத் எக்ஸ்பான்ஷன், அதே கேமுக்கு வந்த கூடுதல் கார்டு செட்டு. அதுல ட்ஸிமீஷி குலம். ட்ரான்சில்வேனியா பிரபுங்க, கோட்டை, விருந்தாளிய ராஜ மரியாதையா கவனிக்கறது, எல்லாம் அப்படியே. ரோல்பிளேயிங் கேம்ல அவங்களுக்கு ஒரு பலவீனம் உண்டு, சொந்த ஊரு மண்ணு ரெண்டு கைப்பிடி பக்கத்துல இல்லாம தூங்க முடியாது. டிராகுலா கப்பல்ல பெட்டி பெட்டியா ஊர் மண்ண ஏத்திட்டு இங்கிலாந்து போனானே, மொத்தம் 50 பெட்டி, ஞாபகம் இருக்கா? இது ஸ்டோக்கர் இல்லாம வேற யாரு? மூச்சு விடுங்க பாப்போம்.

ரத்தபீஜன்:
1996.

பழைய_பேக்_பாபு:
அதனால?

ரத்தபீஜன்:
ஜிஹாத் 1994. முதல் பதிவ படிங்க. ரெண்டு வருஷம் கழிச்சு வந்த எக்ஸ்பான்ஷன காட்டி முதல் செட்டுக்கு அப்பன் பேர் எழுத முடியாது. அந்த மண்ணு பெட்டி ஓர்லாக் கப்பல்லயும் இருக்கு, எலியோட சேர்த்து. அப்புறம் அந்த ட்ஸிமீஷியும் வெயில்ல சாகும்ல? சாகும். அப்ப அது ஸ்டோக்கரோட டிராகுலா இல்ல. மண்ண மட்டும் நாவல்ல இருந்து வாங்கிருக்கான், சாவ படத்துல இருந்து வாங்கிருக்கான். டிராகுலா எப்படி செத்தான்னாவது தெரியுமா உங்களுக்கு? ஆப்பு அடிச்சுன்னு சொல்லிடாதீங்க. ஹார்க்கர் குக்ரி கத்தியால கழுத்த அறுத்தான், கூட வந்த க்வின்ஸி மாரிஸ் பௌயி கத்திய நெஞ்சுல எறக்கினான். பொழுது சாயறதுக்கு கொஞ்சம் முன்னாடி. அதாவது வெளிச்சம் இன்னும் இருக்கு, அவன் பெட்டிக்குள்ள மூடி தெறந்து கெடக்கறான், கண்ண உருட்டி பாக்கறான், சூரியன் எறங்கறத பாத்து ஜெயிச்சுட்டோம்னு சிரிக்கவே போறான். வெளிச்சம் இருந்தும் சாகல! கத்தி வந்துதான் செத்தான்! கடைசி அத்தியாயம். படிச்சவனா இருந்தா இந்த த்ரெட்டே தேவையில்ல.

பழைய_பேக்_பாபு:
அசைய முடியாம கெடந்தான்ல? ஏன்? பகல்ல சக்தி இல்ல. நான் முதல் பதில்லயே சொன்னது.

ரத்தபீஜன்:
செத்தானா?

பழைய_பேக்_பாபு:
அசைஞ்சானா?

மிஸ்கடானிக்_மணி:
இவனுங்க ரெண்டு பேரையும் மித்தோஸ் ஆட வெச்சா முதல் சுத்துலயே சேனிட்டி ஜீரோ.

ஓநாய்_ரவி:
அவனுங்களுக்கு இல்ல, படிக்கற நமக்கு.

சேலம்_ஸ்லீவ்ஸ்:
ஜிஹாத் முதுகும் எட்டர்னல் ஸ்ட்ரகிள் முதுகும் வேற வேற, கலந்து ஆடணும்னா முதுகு தெரியாத ஸ்லீவ் (கார்டு உறை) கட்டாயம் போடணும். க்ரிப்ட்டுக்கு (வாம்பயர் கட்டு) ஒரு கலர், லைப்ரரிக்கு (மத்த கார்டு கட்டு) ஒரு கலர்ன்னு எடுத்துக்கங்க. தேவைப்படறவங்க இன்பாக்ஸ் வாங்க.

தேவி_வென்ட்ரூ:
தம்பி, எனக்கு க்ரிப்ட்டுக்கு மட்டும் வேணும், கருப்பு இருக்கா? மேட் ஃபினிஷ்.

சேலம்_ஸ்லீவ்ஸ்:
இருக்குக்கா. அனுப்பி வெக்கறேன்.

ரத்தபீஜன்:
அக்கா, வாங்கறதுக்கு முன்னாடி யோசிச்சுக்கங்க. என் அப்பளம் இன்னும் புக்குக்கு அடில வெயிட் வெச்சு கெடக்கு, நிமிரவே இல்ல. இப்படிப்பட்டவன்தான் ட்ரெமியர் வரலாறு சொல்லி எனக்கு பாடம் எடுக்கறான். அதுலயும் பாருங்க, ட்ரெமியர் ஆர்ஸ் மேஜிக்கால இருந்து வந்துச்சுன்னு சொன்னானே தவிர, வாம்பயரா மாறினதுக்கப்புறம் அந்த மந்திரவாதிங்க வெயில்ல சாவாங்களா மாட்டாங்களான்னு சொன்னானா? சொல்ல மாட்டான். சொன்னா 1922 வந்துடும். ஆர்ஸ் மேஜிக்கால அவங்க பகல்ல வெளிய நடமாடிட்டு இருந்தவங்க. இங்க வந்ததும் பகல் போச்சு. யாரால போச்சு? ஓர்லாக்கால. நான் இத எத்தன தடவ எழுதறது.

சேலம்_ஸ்லீவ்ஸ்:
வளைஞ்சிருந்தா அன்னிக்கே திருப்பி அனுப்பிருக்கணும். பணம் திருப்பி தரேன்னு அப்பவே சொன்னேன்.

ரத்தபீஜன்:
எப்ப சொன்ன?

சேலம்_ஸ்லீவ்ஸ்:
இன்பாக்ஸ்ல. நீங்க அதுக்கு ஓர்லாக் போட்டோ ஒண்ணு பதிலா அனுப்பினீங்க.

பழைய_பேக்_பாபு:
சிரிச்சு முடியல.

ரத்தபீஜன்:
பாபு சார் சிரிக்கறத விட்டுட்டு பிக்காடில்லிக்கு பதில் சொல்லுங்க. சேலம், நீ கூரியர் காசு அனுப்பு, கார்ட அனுப்பறேன்.

சேலம்_ஸ்லீவ்ஸ்:
முதல்ல கார்டு. பாத்துட்டு காசு.

ரத்தபீஜன்:
முதல்ல காசு.